பாவித்த சக்கர நாற்காலிக்கு ஒரு முகவரி

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவிகள் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



வைத்தியர் ஒருவரை மேடைக்கு அழைத்தால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோதான் கேட்பார்கள். விழாக் குழுவினர் எங்களிடம் வேறொன்றைக் கேட்டார்கள்: “நீங்கள் நடத்துகிற அந்த விளம்பரத் தளத்தைப் பற்றிச் சொல்லுங்கோ. எவ்வளவு காசு போனது, எப்படிச் செய்தீர்கள், இன்னொருவர் செய்வதென்றால் என்ன வேணும்.” கணக்குக் கேட்டிருக்கிறார்கள். கணக்கையே சொல்லுகிறோம்.

நாங்கள் என்று நாங்கள் சொல்வது 1999இல் இந்தக் கல்லூரியிலிருந்து உயர்தரம் எடுத்த எட்டுப் பேரை. இருவர் வைத்தியர், ஒருவர் தாதி உத்தியோகத்தர், ஒருவர் வங்கியில், ஒருவர் பாடசாலையில் கணினி படிப்பிக்கிறார். மற்ற மூவர் டொரன்டோ, லண்டன், சிட்னி. எங்களில் ஒருவர் மட்டுந்தான் கணினியைப் படித்தவர் என்பதைக் கவனியுங்கள். அது போதும்.

எங்கள் தளத்தில் காணி இல்லை, வாகனம் இல்லை, கைத்தொலைபேசி இல்லை. நோயாளருக்கு வேண்டிய பாவித்த சாமான்கள் மட்டும்: சக்கர நாற்காலி, வாக்கர், ஊன்றுகோல், தலைப்பக்கம் உயர்த்தும் கட்டில், காற்று மெத்தை, கொமோட் கதிரை, ஒக்சிஜன் தரும் இயந்திரம். விற்கலாம், இலவசமாகக் கொடுக்கலாம், இரவலாகத் தரலாம், “வேண்டும்” என்றும் போடலாம்.

ஏன் இது தேவைப்பட்டது என்பதை வாட்டில் நிற்கிறவர்கள் அறிவார்கள். பக்கவாதம் வந்த ஒருவரை நாங்கள் பத்து நாளில் வீட்டுக்கு அனுப்புகிறோம். துண்டு எழுதிக் கொடுக்கும்போது மகள் கேட்பார்: “டொக்டர், கட்டில் எங்கே வாங்கலாம்?” புதிய கட்டிலின் விலையைக் கேட்டால் அந்தக் குடும்பம் ஒரு வருடத்துக்கு நிமிராது. தேவைப்படுவதோ நான்கு மாதம், ஆறு மாதம். அதேநேரம், இன்னொரு வீட்டில் அம்மா மூன்று வருடத்துக்கு முன் காலமாகிவிட்டார். அவருக்கு வெளிநாட்டு மகன் வாங்கி அனுப்பிய சக்கர நாற்காலி பின்விறாந்தையில் நெல்மூடை தாங்கிக்கொண்டு நிற்கிறது. விற்கவும் மனமில்லை, எறியவும் மனமில்லை. இந்த இரண்டு வீட்டுக்கும் இடையில் மூன்று கிலோமீற்றர் தூரம். ஒருவரை ஒருவர் தெரியாது. இந்த மூன்று கிலோமீற்றரைக் கடப்பதுதான் எங்கள் தளத்தின் முழு வேலையும்.

“முகநூல் இருக்கிறதே, வாட்ஸ்அப் இருக்கிறதே” என்று கேட்பீர்கள். நாங்களும் அங்கேதான் தொடங்கினோம். முகநூலில் போட்டது மூன்று நாளில் கீழே போய்விடும். கட்டில் தேவைப்படுகிறவருக்கு அது நாலாம் நாள்தான் தேவைப்படும். வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்வியை வாரத்துக்கு ஐந்து பேர் கேட்பார்கள். இடையில் காலை வணக்கப் படங்கள். பத்திரிகை வரிவிளம்பரம் அன்றைக்கு மட்டும். 2012இல் வந்த இக்மன் போன்ற பெரிய தளங்கள் வாகனத்துக்கும் காணிக்கும் நல்லவை. அங்கே ஒரு கொமோட் கதிரையைத் தேடிப் பாருங்கள், கதிரைக் கடைகள் எல்லாம் வரும். வரிவிளம்பரம் என்பது, தேடுகிறவர் வரும்வரை ஓரிடத்தில் அசையாமல் காத்திருக்கிற அறிவித்தல். காத்திருப்பதுதான் அதன் குணம். முகநூலுக்கு அந்தக் குணம் இல்லை.

இந்தத் துறையில் முன்னோடி யார் என்று பார்த்தபோது எங்களுக்குத் தைரியம் வந்தது. 1995இல் சான் பிரான்சிஸ்கோவில் கிரெய்க் நியூமார்க் என்ற மென்பொருள்காரர், நகரத்தில் நடக்கும் நிகழ்ச்சிகளைப் பற்றித் தன் நண்பர்களுக்கு மின்னஞ்சலில் ஒரு பட்டியல் அனுப்பத் தொடங்கினார். அதுதான் கிரெய்க்ஸ்லிஸ்ட். உலகம் முழுக்கப் பரவிய பிறகும் அந்தத் தளத்தின் முகம் மாறவில்லை: வெள்ளைப் பின்னணி, நீல எழுத்து, வரிசை வரிசையாகத் தலைப்புகள். அனேக விளம்பரங்கள் இலவசம்; வேலைவாய்ப்பு போன்ற சில பிரிவுகளுக்கு மட்டும் கட்டணம். அழகாக இல்லாமலே ஒரு தளம் வாழலாம் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. எங்கள் தளமும் வடிவானது அல்ல. சிட்னித் தோழி இன்றைக்கும் அதைப் பார்த்தால் முகம் சுளிப்பார்.

இனிக் காசு. 2018இல் எட்டுப் பேரும் ஆளுக்கு 5,000 ரூபாய் போட்டோம். மொத்தம் 40,000. அதில் முகவரிப் பெயருக்கும், தளத்தை வைத்திருக்கும் இடத்துக்கும் ஒரு வருட வாடகையாக ஏறக்குறையப் பாதி போனது. இடம் என்றால் பலர் சேர்ந்து பங்கிட்டுக்கொள்ளும் சேர்வர். தனி வீடு அல்ல, ஓர் அறை. எங்கள் அளவுக்கு அது தாராளம். மென்பொருளுக்குச் சதமும் கொடுக்கவில்லை. வேர்ட்பிரஸ் 2003இலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது; வரிவிளம்பரத்துக்கென்றே ஓஸ்கிளாஸ் போன்ற இலவச மென்பொருட்களும் உண்டு. எங்கள் கணினி ஆசிரியைக்குத் தெரிந்தது வேர்ட்பிரஸ் என்பதால் அதை எடுத்தோம். எது சிறந்தது என்று ஆறு மாதம் ஆராய்வதைவிட, பழுதானால் திருத்தத் தெரிந்ததை எடுப்பது நல்லது. முகவரிக்கு முன்னால் பூட்டுப் படம் வருகிறதே, அந்தப் பாதுகாப்புச் சான்றிதழும் இப்போது லெட்ஸ் என்கிரிப்ட் மூலம் இலவசம். முன்பு அதற்கும் வருடாவருடம் பணம் கட்டினார்கள்.

மிச்சம் 20,000? அதில் பெரும்பங்கு துண்டுப்பிரசுரம் அச்சடிக்கவும், குறுஞ்செய்திக்கும் போனது. இணையத்தளம் நடத்துவதற்குக் கடதாசி அச்சடித்தோம் என்றால் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் சக்கர நாற்காலியைப் பின்விறாந்தையில் வைத்திருப்பவருக்கு எழுபது வயது. அவர் கிளினிக் வாசலில் வாங்கில் இருந்து துண்டைத்தான் வாசிப்பார்.

நாங்கள் வாங்காதவற்றையும் சொல்ல வேண்டும். கைத்தொலைபேசிக்கான தனிச் செயலி செய்யவில்லை. ஒரு நிறுவனத்தினர் வந்து எங்கள் மொத்த முதலைப்போல் பல மடங்கு விலை சொன்னார்கள். யோசித்துப் பாருங்கள்: வாழ்நாளில் ஒரு தடவை கட்டில் தேடுகிறவர், அதற்காக ஒரு செயலியைத் தன் போனில் இறக்கி வைத்திருப்பாரா? வைத்திருக்க மாட்டார். போனில் திறந்தால் ஒழுங்காகத் தெரிகிற சாதாரணத் தளம் போதும்.

படங்கள்தான் இடத்தைத் தின்பவை. இப்போதைய போனில் எடுக்கும் ஒரு படம் மூன்று நான்கு மெகாபைட். அதை அப்படியே வைத்தால் சேர்வரும் நிரம்பும், தீவுப் பகுதியில் மெதுவான இணைப்பில் பார்ப்பவருக்கு அது திறக்கவும் மாட்டாது. ஏறும்போதே தானாகச் சிறிதாக்கி, நூறு நூற்றைம்பது கிலோபைட்டுக்குள் கொண்டுவரும்படி அமைத்தோம். இன்னொரு விஷயமும் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. போனில் இட அமைவு திறந்திருந்தால், எடுத்த படத்துக்குள்ளே அந்த வீடு இருக்கும் இடத்தின் அகலாங்கும் நெட்டாங்கும் ஒளிந்திருக்கும். நாற்காலியைப் படமெடுத்துப் போட்டவர் தன் வீட்டு வாசலையே ஊருக்குக் காட்டிவிடுகிறார். சிறிதாக்கும்போதே அதையும் அழித்துவிடுகிறோம்.

அடுத்தது தமிழ். இதைச் சொல்ல நேரம் எடுத்துக்கொள்கிறோம். வேறெவரும் சொல்லித் தரமாட்டார்கள்.

முதல் தொல்லை எழுத்துரு. ரைப் செய்யும் கடையில் கொடுத்து அடித்து அனுப்புகிறவர்கள் பலர் பாமினியில் அடிப்பார்கள். அது பார்வைக்குத்தான் தமிழ். உள்ளே இருப்பதெல்லாம் ஆங்கில எழுத்து. தளத்தில் ஒட்டினால் பூச்சி ஓடியதுபோல் தெரியும். யூனிகோடுக்கு மாற்றித் தரும் சிறு கருவியைத் தளத்துக்குள்ளேயே வைத்தோம்.

இரண்டாவது, ஒரு பொருளுக்கு எங்கள் ஆட்களிடம் எத்தனை பெயர்! சக்கர நாற்காலி, சில்லுக் கதிரை, வீல்செயார், வீல் சேர், தள்ளுகதிரை. ஒருவர் “சில்லுக் கதிரை” என்று விளம்பரம் போடுவார். இன்னொருவர் “வீல்செயார்” என்று தேடுவார். இருவரும் ஒரே ஒழுங்கையில் இருந்தாலும் தளத்துக்குள் சந்திக்க மாட்டார்கள். எங்கள் தாதித் தோழி ஒரு சி.ஆர். கொப்பியை எடுத்துக்கொண்டு, வாட்டில் ஆட்கள் எந்தெந்தச் சாமானை எப்படியெப்படிச் சொல்கிறார்கள் என்று மூன்று மாதம் எழுதினார். அந்தக் கொப்பிதான் எங்கள் தேடுபொறி. இன்றைக்கும் புதுச் சொல் வந்தால் அதில் ஏறும். பிறகு தளத்தில் ஏறும்.

மூன்றாவது, புள்ளி. “கட்டில்” என்று தேடினால், “கட்டிலை விற்க விருப்பம்” என்ற விளம்பரம் வரவில்லை. ஏன்? கணினிக்குக் “கட்டில்” என்ற சொல் லகரத்துக்குப் பின் ஒரு புள்ளியோடு முடிகிறது. “கட்டிலை” என்பதில் அந்தப் புள்ளி இருந்த இடத்தில் ஐகாரக் குறி இருக்கிறது. கணினி இரண்டையும் வேறு சொல் என்று நினைக்கிறது. தேடுஞ்சொல் மெய்யெழுத்தில் முடிந்தால் கடைசிப் புள்ளியை நீக்கிவிட்டுத் தேடும்படி ஒரு வரி எழுதினோம். கட்டில், கட்டிலை, கட்டிலுக்கு, கட்டிலோடு எல்லாம் வந்தன. வேற்றுமை உருபு படிப்பித்த ரீச்சர் இங்கே இருக்கிறார். ஒன்பதாம் வகுப்பில் நாங்கள் கொட்டாவி விட்ட பாடம் அது.

நான்காவது, குறுஞ்செய்தி. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து. தமிழில் எழுதினால் 70தான். அதுவும் நாங்கள் எண்ணுவதுபோல் எண்ணாது. “வணக்கம்” எங்களுக்கு ஐந்தெழுத்து. அதற்கு ஏழு, ஏனென்றால் இரண்டு புள்ளியும் தனித்தனிக் கணக்கு. 70ஐத் தாண்டினால் இரண்டு செய்தியின் காசு. ஆகவே தளம் அனுப்பும் ஒவ்வொரு செய்தியையும் 70க்குள் அடக்கினோம். ஆங்கிலத்தில் அனுப்பினால் மலிவுதானே என்று ஒருவர் கேட்டார். பெறுகிறவர் வாசிக்காத செய்தி மலிவல்ல.

தளம் தயார். ஆனால் உள்ளே ஒன்றுமில்லை. வெறுங்கடைக்கு யார் வருவார்கள்? வாங்குபவர் இல்லாமல் விற்பவர் வரமாட்டார். விற்பவர் இல்லாமல் வாங்குபவர் வரமாட்டார். இந்த முடிச்சை அவிழ்க்கப் பணத்தால் முடியாது, காலால்தான் முடியும். முதல் இரண்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டியில் திரிந்தோம். கொக்குவில், மானிப்பாய், சுன்னாகம், சாவகச்சேரி. தெரிந்த வீடு, தெரிந்தவருக்குத் தெரிந்த வீடு. நாங்களே படமெடுத்து, அளவெடுத்து, நாங்களே எழுதிப் போட்டோம். முப்பத்தைந்து விளம்பரம் சேர்ந்த பிறகுதான் துண்டுப்பிரசுரத்தைக் கிளினிக்குகளுக்குக் கொண்டுபோனோம்.

அளவெடுத்தோம் என்றோமே, அது முக்கியம். சாதாரணச் சக்கர நாற்காலியின் இருக்கை 18 அங்குலம். மெலிந்துபோன ஒரு முதியவர் அதில் இருந்தால் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவார். பருமனானவருக்கு அது இறுகிப் புண்ணாக்கும். முன்சில்லு சிறியதென்றால் எங்கள் ஊர் ஒழுங்கை மணலில் புதைந்து நிற்கும். ஆகவே எங்கள் படிவத்தில் “நல்ல நிலையில் உள்ளது” என்று எழுத இடமில்லை. எல்லோருக்கும் அவரவர் சாமான் நல்ல நிலையில்தான் இருக்கும். இருக்கையின் அகலம், பிரேக் பிடிக்கிறதா, கால்தாங்கி இரண்டும் இருக்கின்றனவா, சில்லு இறப்பரா காற்றா என்று கேள்வி கேட்கிறோம். ஊன்றுகோல் என்றால் அடியில் இறப்பர் குல்லா தேய்ந்திருக்கிறதா என்று கேட்கிறோம்; அந்தச் சிறு குல்லா இல்லாமல் சீமெந்துத் தரையில் வழுக்கி இடுப்பு முறிந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறோம்.

சிலவற்றைச் சேர்ப்பதில்லை. செயற்கைக் கால் கொடுக்க முன்வருகிறார்கள். போர் நடந்த எங்கள் மண்ணில் அந்த அன்பின் பெறுமதி எங்களுக்குத் தெரியும். ஆனால் அதன் குழி ஒருவரின் காலுக்கென்றே அச்செடுத்துச் செய்தது. மற்றவருக்குப் போட்டால் தோல் உரியும். காது கேட்கும் கருவியும் அவரவர் செவிப்புலனுக்கு அமைத்தது. ஒக்சிஜன் இயந்திரத்தைச் சேர்க்கிறோம், நிபந்தனையோடு: ஓடிய மணித்தியாலக் கணக்கைக் காட்ட வேண்டும்; வரும் காற்றில் ஒக்சிஜன் 90 வீதத்துக்கு மேல் இருக்கிறதென்று தொழில்நுட்பவியலாளர் அளந்திருக்க வேண்டும். சத்தம் போட்டு ஓடுவதெல்லாம் ஒக்சிஜன் தருவதில்லை. 2021இல் கோவிட் உச்சத்தில் பலர் அவசரத்தில் வாங்கியவை, அடுத்த வருடம் எங்களிடம் வந்தன.

அந்த அடுத்த வருடத்தைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். 2022. உங்களில் வெளிநாட்டில் இருந்தவர்கள் செய்தியில் பார்த்தீர்கள். நாங்கள் வரிசையில் நின்றோம். மார்ச் தொடக்கத்தில் டொலருக்கு 200 ரூபாய் அளவில் இருந்தது, மே மாதத்தில் 360 அளவுக்குப் போனது. சேர்வர் வாடகை டொலரில். வங்கிகள் வெளிநாட்டுக் கொடுப்பனவுகளை இறுக்கிப் பிடித்தன. லண்டன் தோழி தன் அட்டையில் கட்டினார், இன்றும் அவரே கட்டுகிறார். மார்ச் மாத முடிவில் 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோது, ஒக்சிஜன் இயந்திரத்தை நம்பிய வீடுகளிலிருந்து எங்களுக்கு அழைப்பு வந்தது. சேர்வர் வெளிநாட்டில் இருந்ததால் தளம் அணையவில்லை. பார்க்கிறவர் போனில் சார்ஜ் இல்லை. அவ்வளவுதான்.

அதைவிடப் பெரிய சோதனை மருந்து. வைத்தியசாலைகளில் மருந்து தட்டுப்பட்டது; திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளைத் தள்ளிப்போட்ட இடங்களும் உண்டு. எங்கள் தளத்தில் “வேண்டும்” பகுதியில் மருந்துப் பெயர்கள் வரத் தொடங்கின. இன்சுலின் வேண்டும். வலிப்பு மருந்து வேண்டும். புற்றுநோய்க் குளிசை வேண்டும். மறுபக்கம், “அப்பா போன மாதம் தவறிவிட்டார், அவருடைய மருந்து மிச்சம் இருக்கிறது, யாருக்காவது இலவசமாகக் கொடுக்கலாம்” என்று கொடுக்க வந்தவர்கள். இரண்டு பக்கமும் கையை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. நடுவில் எங்கள் தளம். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

நாங்கள் அழுத்தவில்லை. உரிமம் இல்லாதவர் மருந்து விற்க முடியாது. 2015இன் 5ஆம் இலக்க தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் அதைச் சொல்கிறது. ஆனால் சட்டத்தை மட்டும் காட்டி ஒதுங்க எங்களுக்கு மனம் வரவில்லை. எட்டுப் பேரும் இரண்டு இரவு சூமில் சண்டை பிடித்தோம். எங்களில் ஒருவர் தாயைப் புற்றுநோய்க்குக் கொடுத்தவர். அவர் சொன்னது: “பெட்டி உடைக்காத மருந்து, திகதி இருக்கிறது, தேவையானவர் ஐந்து மைல் தூரத்தில். அதைக் குப்பையில் போடச் சொல்கிறீர்களா? அது என்ன மருத்துவம்?” இதற்கு இலகுவான பதில் இல்லை. நாங்கள் சொன்னது: திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியசில் இருக்க வேண்டும். 13 மணித்தியாலம் மின்சாரமில்லாத வீட்டின் குளிர்சாதனப்பெட்டியில் அது எப்படி இருந்தது என்பது பெட்டியைப் பார்த்தால் தெரியாது. புட்டியைப் பார்த்தாலும் தெரியாமல் போகலாம். கெட்ட இன்சுலினைப் போட்டுக்கொள்கிற பிள்ளைக்கு அது கெட்டது என்று தெரிவது, மயங்கிய பிறகு. புற்றுநோய்க் குளிசையின் அளவு ஆளுக்கு ஆள் வேறு. பெயர் ஒன்று என்பதற்காக எடுக்க முடியாது.

முடிவு: மருந்து விளம்பரம் ஒன்றும் ஏறாது. ஆனால் மறுத்த ஒவ்வொருவருக்கும் அன்றைக்கே நாங்கள் தொலைபேசி எடுப்போம். இந்த இரண்டாவது பாதி இல்லாமல் முதல் பாதிக்கு எங்களில் பலர் சம்மதித்திருக்க மாட்டோம். வலிப்பு மருந்து கேட்டவரிடம், இருக்கிற குளிசையைச் சட்டென்று நிறுத்த வேண்டாம், முடியமுன் கிளினிக்குக்கு வாருங்கள், மாற்று மருந்துக்கு முறையாக மாற்றலாம் என்று சொன்னோம். எந்த வைத்தியசாலையில் என்ன இருப்பு என்று மருந்தாளர்களுக்குத் தெரியும். அவர்களிடம் கேட்டு வழிகாட்டினோம். அந்த ஆறு மாதத்தில் தளத்துக்குப் போன நேரத்தைவிட இந்த அழைப்புகளுக்குப் போன நேரம் அதிகம். எல்லோருக்கும் மருந்து கிடைத்ததா என்று கேட்டால், இல்லை. தாயை இழந்த அந்தத் தோழி இன்றைக்கும் எங்கள் முடிவை ஏற்கவில்லை. செவ்வாய்க்கிழமை விளம்பரங்களைச் சரிபார்ப்பவரும் அவர்தான். மருந்து விளம்பரத்தை மறுத்து, அழைத்துக் கதைப்பவரும் அவர்தான்.

எதை ஏற்பது, எதை மறுப்பது என்பது எந்த வரிவிளம்பரத் தளத்தையும் விடாது துரத்தும் கேள்வி. கிரெய்க்ஸ்லிஸ்ட்டே 2018இல், அமெரிக்காவில் புதிய சட்டம் வந்தபோது, ஆட்கள் துணை தேடும் பகுதியை முழுதாக மூடிவிட்டது. நீங்கள் ஒன்று தொடங்குவதென்றால் மென்பொருளைப் பற்றி யோசிக்க முன் மறுக்கும் பட்டியலை எழுதி வையுங்கள். ஆள் கண்முன் வந்து நின்று கேட்கும்போது எழுத முடியாது.

பெண்களாக நாங்கள் கவனித்த ஒன்று. தொலைபேசி இலக்கத்தை வெளிப்படையாகப் போட்டால், அது பெண்ணின் இலக்கம் என்று தெரிந்தால், கட்டிலைப் பற்றி அல்லாத அழைப்புகளும் வரும். இரவு பதினொரு மணிக்கு வரும். எங்கள் தளத்தில் இலக்கம் தெரியாது. தேவையானவர் தன் பெயரையும் இலக்கத்தையும் செய்தியாக விடுவார். விளம்பரம் போட்டவர் விரும்பினால் அழைப்பார். இதனால் வியாபாரம் மெதுவாகும் என்றார்கள். ஆகட்டும்.

நோயின் பெயரையும் எடுத்துவிடுகிறோம். “பக்கவாதம் வந்த அப்பாவுக்கு” என்று எழுதினால் ஆட்கள் மனமிரங்குவார்கள் என்பது உண்மை. ஆனால் அந்த அப்பா சம்மதித்தாரா? 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட வகையாகக் கணிக்கிறது. சட்டம் வரமுன்பே வாட்டில் நாங்கள் பழகிய ஒழுக்கம் அது.

மோசடியும் எட்டிப் பார்த்தது. வெளிநாட்டிலிருந்து கதைப்பதாகச் சொல்லி, “கட்டிலை அனுப்புகிறோம், முற்பணம் வையுங்கள்” என்று ஒருவர் மூன்று வீட்டாரைக் கேட்டார். ஒவ்வொரு விளம்பரத்தின் அடியிலும் சிவப்பில் ஒரு வரி போட்டிருக்கிறோம்: நேரில் பார்த்து, இருந்து பார்த்து, பிறகு காசு கொடுங்கள். மூவரும் அதை வாசித்துவிட்டு எங்களைக் கேட்டார்கள். ஒருவரும் காசு போடவில்லை.

நாளாந்த வேலை எவ்வளவு? வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு புது விளம்பரம். ஒவ்வொன்றையும் ஒரு மனிதர் வாசித்துத்தான் ஏற்றுவோம். ஆளுக்கு ஒரு நாள், இருபது நிமிடம். இங்கே இரவு பத்து மணிக்கு வருவதை டொரன்டோத் தோழி தன் மதிய இடைவேளையில் பார்ப்பார். விடிய முன் வருவது சிட்னிக்கு. புலம்பெயர்ந்த தோழிகளிடம் காசை மட்டும் கேட்கிற பழக்கம் எங்கள் சங்கங்களுக்கு உண்டு. நேரத்தைக் கேட்டுப் பாருங்கள். அதைத்தான் அவர்கள் சந்தோசமாகத் தருகிறார்கள். முப்பது நாள் கழிந்தால் விளம்பரம் தானாக இறங்கும். “இன்னும் இருக்கிறதா?” என்று ஒரு குறுஞ்செய்தி போகும், ஆம் என்றால் மறுபடி ஏறும். கொடுத்து முடிந்த சாமானுக்காக ஒருவர் பஸ் ஏறிப் போய்த் திரும்பினால், அவர் இரண்டாம் முறை எங்களை நம்ப மாட்டார்.

வருமானம் இல்லை. 2018இலிருந்து கூகுளின் விளம்பரச் சேவை தமிழ்த் தளங்களுக்கும் கிடைக்கிறது. போட்டால் சேர்வர் வாடகை வரும் என்று கணினி ஆசிரியை கணக்குக் காட்டினார். ஆனால் அங்கே எந்த விளம்பரம் தோன்றும் என்பதை நாங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தெடுக்க முடியாது. நீரிழிவை ஒரு மாதத்தில் வேரோடு அறுக்கும் பொடி எங்கள் சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து இருந்தால், வைத்தியர் நடத்தும் தளம் என்ற ஒரே காரணத்தால் ஆட்கள் அதை வாங்குவார்கள். வேண்டாம் என்றோம். எட்டுப் பேரும் வருடாவருடம் காசு போடுகிறோம். இரண்டு பேர் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுவதை விட்டாலே கட்டக்கூடிய தொகை அது.

கல்யாண விளம்பரமும் காணி விளம்பரமும் சேர்க்கச் சொல்லி இந்த மண்டபத்திலேயே ஆறு பேர் காலையில் கேட்டுவிட்டார்கள். சேர்க்க மாட்டோம், அக்காமாரே. வவுனியா, மன்னார், மட்டக்களப்புக்கு விரிப்பது பற்றிக் கதைக்கலாம். அங்கே விளம்பரத்தைச் சரிபார்க்கவும், தேவையென்றால் வீட்டுக்குப் போய்ப் பார்க்கவும் பழைய மாணவிகள் நால்வர் கிடைத்தால் தொடங்குவோம். அந்த வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் ஆள் இல்லாமல் தொடங்க மாட்டோம்.

கடவுச்சொற்கள் மூன்று பேரிடம் இருக்கின்றன, ஒருவர் வெளிநாட்டில். வாரம் ஒருமுறை முழுத் தளத்தையும் பிரதி எடுத்து, ஒன்று இங்கே ஒரு மடிக்கணினியில், ஒன்று லண்டனில். உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவு மாணவிகள் இருவர் இந்தத் தவணையிலிருந்து எங்களோடு சேர்ந்திருக்கிறார்கள். தேடுபொறிக் கொப்பி இப்போது அவர்கள் கையில். “கொமோட்” என்ற சொல்லை ஆட்கள் எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று அவர்கள் எண்ணியிருக்கிறார்கள். பதினொன்று.

இன்று காலை தளத்தில் “வேண்டும்” பகுதியில் இருந்தவை: அல்வாயில் ஒரு காற்று மெத்தை, பம்புடன். கரவெட்டியில் 16 அங்குலச் சக்கர நாற்காலி. நல்லூரில் பிள்ளைக்கான வாக்கர். யார் வீட்டிலாவது இருந்தால், தேநீர் இடைவேளையில் மண்டப வாசலில் இடப்பக்க மேசையில் எங்கள் தாதித் தோழி இருப்பார், அளவுநாடாவும் கொண்டுவந்திருக்கிறார்.